இஞ்சி ஸன்ஜபீல் ஆன வரலாறு

ரமளான் பிறந்துவிட்டால் நம் வீட்டு அடுப்படியில் முதலில் தீர்ந்துபோவது இஞ்சிதான். நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி பூண்டு விழுது வேண்டும். ஸஹர் நேரத்துக் கறிக்கு வேண்டும். தராவீஹ் முடித்து வருவோருக்குத் தேநீரில் தட்டிப் போடவும் வேண்டும். அதே மாதத்தில், ஆண்டு தவறாமல், நம் கைப்பேசிக்கு ஒரு செய்தியும் வந்து சேர்கிறது. 'திருக்குர்ஆனில் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது, தெரியுமா?' என்று தொடங்கும் அச்செய்தி, 76-ஆம் அத்தியாயத்தின் 17-ஆம் வசனத்தைச் சுட்டி, அங்கே வரும் 'ஸன்ஜபீல்' நம் இஞ்சியே என்று சொல்லும். சில வடிவங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சேர நாட்டு மன்னர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இஞ்சி நிரம்பிய ஜாடி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார் என்று முடியும்.

படிக்கும்போது நெஞ்சு நிமிர்வது இயல்பே. தாய்மொழியும் மார்க்கமும் ஒரே சொல்லில் கைகோத்துக்கொண்டால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? ஆயினும் அல்லாஹ்வின் வேதத்தைப் பற்றியும் அவன் தூதரைப் பற்றியும் வரும் ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன், அதன் கனம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது நம் கடமை. நம் பிள்ளைகள் இதைப் பள்ளியிலும் கல்லூரியிலும் சொல்லப்போகிறார்கள். மறுத்துக் கேட்பவர் முன் நிற்கப்போகிறவர்களும் அவர்களே. மேற்சொன்ன இரண்டு செய்திகளும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. ஒன்றில் பெரும்பகுதி நிற்கும், மற்றொன்று நிற்காது. இரண்டையும் அறிஞர்கள் எப்படி அணுகினார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் வசனத்தின் இடத்தைப் பார்த்துவிடுவோம். ஸூரத்துத் தஹ்ர் என்றும் அல்-இன்ஸான் என்றும் அழைக்கப்படும் அந்த அத்தியாயம், நல்லடியார்களுக்குச் சுவனத்தில் வழங்கப்படும் பானங்களை விவரிக்கிறது. 5-ஆம் வசனத்தில் வரும் கிண்ணத்தின் கலவை காஃபூர். 17-ஆம் வசனத்தில் வரும் கிண்ணத்தின் கலவை ஸன்ஜபீல். அடுத்த வசனம் ஸல்ஸபீல் என்னும் ஊற்றைப் பேசுகிறது. குர்ஆன் முழுவதிலும் ஸன்ஜபீல் என்ற சொல் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. காஃபூர் குளிர்ச்சி, ஸன்ஜபீல் வெம்மை. ஒன்றையொன்று சமன் செய்யுமாறு இரண்டும் மாறி மாறி வழங்கப்படும் என்பது இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் விளக்கம். அறுசுவை அறிந்த நம் பாட்டிமார்கள் கேட்டால் தலையசைக்கும் விளக்கம் இது.

இனி அச்சொல் வந்த வழி. அரபு அகராதியாளர்கள் எவரும் ஸன்ஜபீலை அரபு வேர்ச்சொல் ஒன்றிலிருந்து இயல்பாகப் பிறந்ததாகக் காட்டுவதில்லை. அரபில் குடியேறிய அயற்சொற்களைத் தொகுத்த அல்-ஜவாலீகீ (ரஹ்) இதனைப் பாரசீகம் என்றார். அஸ்ஸஆலிபீ (ரஹ்) அவர்களும் அவ்வாறே சொன்னார். அவர்கள் சொன்னது தவறன்று. ஆனால் பாரசீகம் இப்பயணத்தின் கடைசிச் சத்திரம்; புறப்பட்ட ஊர் அதுவன்று.

பின்னோக்கி நடந்தால், அரபுக்கு முந்தைய நிறுத்தங்கள் அறமேயமும் பழம்பாரசீகமான பஹ்லவியும். அங்கே இச்சொல் 'ஸங்கபீல்', 'சிங்கிவேர்' என்பன போன்ற வடிவங்களில் வழங்கியது. பாரசீகக் ககர ஒலி அரபுக்குள் நுழையும்போது ஜகரமாவது வழக்கம். 'கவ்ஹர்' என்னும் பாரசீகச் சொல்தான் அரபில் 'ஜவ்ஹர்' ஆயிற்று. நம் ஊர்களில் அப்பெயர் தாங்கியோர் பலர் உண்டு. வகரம் பகரமாகவும் கடைசி ரகரம் லகரமாகவும் மாறியதில் வியப்பில்லை. சிங்கிவேர், ஸங்கபீல், ஸன்ஜபீல் என்று மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தாலே நாக்கு வழியைக் கண்டுகொள்ளும்.

இன்னும் பின்னே போனால் பாலி மொழி. பெளத்தத் துறவியர் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட மருந்து வேர்களின் பட்டியல் ஒன்று விநய நூலில் உள்ளது. அதில் மஞ்சளை அடுத்து நிற்பது 'சிங்கிவேர'. கிரேக்கர்களின் 'ஸிங்கிபெரிஸ்', இலத்தீனின் 'ஸிங்கிபெர்', அதன் வழிவந்த ஆங்கில 'ஜிஞ்சர்' ஆகியவையும் இந்த வடிவத்தின் பிள்ளைகளே. சிங்களத்தில் இன்றும் 'இங்குரு' என்பார்கள். இலங்கையில் இஞ்சிப் பிளேன்டீ குடிக்கும் நம் உறவினர்கள் கடையில் இங்குரு என்று கேட்கும்போது, குர்ஆனின் ஸன்ஜபீலுக்கு உடன்பிறந்த ஒரு சொல்லையே உச்சரிக்கிறார்கள்.

சமஸ்கிருதத்தில் இதற்கு 'ச்ருங்கவேரம்' என்று பெயர். ச்ருங்கம் என்றால் கொம்பு, வேரம் என்றால் உடல். மான்கொம்பு போலக் கிளைத்த உடலுடையது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். இஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் உவமை பொருந்தத்தான் செய்கிறது. ஆயினும் மொழியியலாளர்கள் இதனை ஏற்பதில்லை. வெளியிலிருந்து வந்து பொருள் விளங்காமல் நின்ற சொல்லுக்கு, அதன் ஒலியை ஒட்டிப் பின்னர் பொருத்தப்பட்ட பொருள் இது என்பது அவர்கள் முடிவு. தாமஸ் பர்ரோ போன்றோர் காட்டும் மூலம், 'இஞ்சி', 'வேர்' என்னும் தென்மொழிச் சொற்களின் கூட்டு. இந்த ஒரு சொல் உலக மொழிகளில் நடந்த நடையை மட்டும் ஆராய்ந்து ஆலன் ராஸ் என்னும் ஆங்கில மொழியியலாளர் 1952-இல் தனி நூலே எழுதினார் என்றால், இது எத்தனை நெளிவுகள் கொண்ட வழி என்பதை உணரலாம்.

இங்கே ஓர் ஐயம் எழும். இஞ்சிவேரில் சகரம் இல்லையே, சிங்கிவேரவுக்கு அந்தச் சகரம் எங்கிருந்து வந்தது? விடை தமிழின் பழைய இயல்பிலேயே இருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் சகரம் தமிழில் தேய்ந்து மறைவதுண்டு. சிப்பிக்கு இப்பி என்றும், சமணருக்கு அமணர் என்றும் பெயர் வழங்கியது இதனால்தான். 'ச்ராவணம்' என்னும் மாதப்பெயர் நம்மிடம் 'ஆவணி' ஆனதும் இவ்வகையே. ஆகவே இஞ்சியும் ஒரு காலத்தில் சகரத்தோடு தொடங்கியிருக்க வேண்டும். வடக்கே போன சொல் அந்தச் சகரத்தைக் காப்பாற்றிக்கொண்டது, வீட்டிலிருந்த சொல் உதிர்த்துவிட்டது என்கிறார்கள். ஊரைவிட்டுப் போனவர் பழைய பேச்சை விடாமல் வைத்திருப்பதும், ஊரிலிருப்பவர் மாறிவிடுவதும் மனிதரிடத்தும் காண்பதுதானே!

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சகரத்தோடு இச்சொல் வடக்கே போன காலத்தில், இன்று நாம் தமிழ் என்றும் மலையாளம் என்றும் பிரித்துச் சொல்லும் மொழிகள் பிரிந்திருக்கவில்லை. மலையாளத்தார்க்கும் அது இஞ்சியே. எனவே 'தமிழ்ச் சொல்' என்று நாம் மட்டும் பட்டா போட்டுக்கொள்வதைவிட, தென்னாட்டு மொழிக் குடும்பத்தின் சொல் என்பதே சரியான கூற்று. இன்னும் கேட்டால், இஞ்சிச் செடியே நம் மண்ணில் தோன்றியதன்று. அது காட்டில் தானாக வளர்வதில்லை; கிழங்கை வெட்டி நட்டால்தான் உண்டு. தென்கிழக்காசியத் தீவுப் பகுதிகளில் மனிதர் முதலில் பயிரிட்டு, கடல்வழியாக மேற்கே கொண்டுவந்தனர் என்பது அறிஞர் கருத்து. செடியோடு பெயரின் முற்பாதியும் கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்வோரும் உளர். பிற்பாதியாகிய 'வேர்' மட்டும் ஐயத்திற்கு இடமின்றி நம்முடையது. வேடிக்கை என்னவென்றால், உலகெங்கும் போன சொல்லில் அந்த வேர் இன்னும் இருக்கிறது (ஸன்ஜபீலின் 'பீல்' அதுதான்). நாமோ வேரை விட்டுவிட்டு இஞ்சி என்று மட்டும் சொல்கிறோம்.

தமிழில் இச்சொல்லின் பழமைக்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. சோழநாட்டு வளத்தை அடுக்கும் பட்டினப்பாலை, வாழை, தெங்கு, கமுகு, மஞ்சள், சேம்பு ஆகியவற்றோடு இஞ்சியையும் சேர்க்கிறது. பழைய நிகண்டுகளில் இஞ்சி என்பதற்குக் கோட்டை மதில் என்னும் பொருளும் உண்டு. பழம்பாடலில் பகைவர் இஞ்சியைத் தாக்கினார்கள் என்று வந்தால் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளக் கூடாது.

சரி, வேதத்தில் அயற்சொல் உண்டு என்று சொல்லலாமா? இந்தக் கேள்வி நம் காலத்தில் தோன்றியதன்று; ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையானது. அதிலும் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களைச் சேர்ந்த நம் மக்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர் என்பதால், இவ்விஷயத்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும். ஹிஜ்ரி 204-இல் மறைந்த அப்பெருமகனார், தம் 'அர்-ரிஸாலா' நூலில், குர்ஆன் முழுவதும் அரபு மொழியிலேயே உள்ளது என்று உறுதியாக வாதிடுகிறார். தெளிவான அரபு மொழியில் அருளப்பட்டது என்று வேதமே பல இடங்களில் கூறுவது அவருக்கு ஆதாரம். அரபு மொழி மிகப் பரந்தது. நபி ஒருவரைத் தவிர வேறு எவரும் அதனை முழுதும் அறிந்தவர் ஆகார். ஆகவே ஒருவருக்குத் தெரியாத சொல்லை அயற்சொல் என்று அவர் சொல்லிவிட முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். தஃப்ஸீர் கலையின் தந்தையென மதிக்கப்படும் இமாம் தபரீ (ரஹ்) வேறொரு வழியில் இதே முடிவுக்கு வந்தார். ஒரே சொல் இரண்டு மொழிகளில் பொதுவாக அமைந்திருக்கலாம். ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியது என்று ஏன் கொள்ள வேண்டும் என்றார் அவர்.

மறுபுறம், நபித்தோழர்களையும் அவர்களுக்கு அடுத்த தலைமுறையினரையும் சார்ந்து வரும் விளக்கங்களிலேயே இன்ன சொல் அபிசீனிய மொழி, இன்ன சொல் பாரசீகம் என்ற குறிப்புகள் உள்ளன. அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஹிஜ்ரி 224-இல் மறைந்த அபூ உபைத் அல்-காஸிம் இப்னு ஸல்லாம் (ரஹ்). இரு சாராரும் உண்மையே சொல்கிறார்கள் என்றார் அவர். அச்சொற்கள் பிறப்பால் அயலவை. ஆனால் அரபுகள் அவற்றைத் தம் நாவில் திரித்து, தம் சொற்களாக ஆக்கிக்கொண்டார்கள். அதன் பின்னரே குர்ஆன் இறங்கிற்று. ஆகவே இறங்கிய வேளையில் அவை அரபுச் சொற்களே. நம் பார்வையில் இதைவிடச் செப்பமான விடை இவ்விஷயத்தில் கிடையாது. ஸன்ஜபீலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. இஸ்லாத்திற்கு முந்தைய கவிஞர் அல்-அஃஷா தம் கவிதையில் ஸன்ஜபீலையும் தேனையும் சேர்த்துப் பாடியிருப்பதைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். வேதம் இறங்கியபோது அது அரபுகளுக்குத் தெரிந்த, அவர்கள் சுவைத்த, அவர்கள் விரும்பிய பொருள். தெரியாத ஒன்றைச் சொல்லி ஆசை காட்டவில்லை.

எனவே 'குர்ஆனில் தமிழ்ச் சொல் இருக்கிறது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், 'குர்ஆனில் உள்ள அரபுச் சொல் ஒன்றின் பூர்வீகம் தென்னாட்டு மொழி' என்று சொன்னால், மொழியியலாளரும் மறுக்கமாட்டார்; அபூ உபைதின் வழி நிற்கும் ஆலிமும் மறுக்கமாட்டார். சொல் ஒன்றிரண்டு கூடும், அவ்வளவே.

ஹிஜ்ரி 911-இல் மறைந்த இமாம் ஸுயூத்தீ (ரஹ்) இத்தகைய சொற்களை நூற்றுக்கும் மேல் திரட்டினார். அவருடைய தொகுப்பில் ஒரு சுவையான முரண் உண்டு. இந்திய மொழிச் சொற்கள் என்று அவர் குறித்தவற்றுள் 'தூபா'வும் 'ஸுன்துஸ்' என்னும் பட்டின் பெயரும் இருக்கின்றன. இவற்றுக்கு இந்தியத் தொடர்பு இருப்பதாக இன்றைய ஆராய்ச்சி காணவில்லை. உண்மையிலேயே நம் பக்கத்திலிருந்து போன ஸன்ஜபீலை அவர் தமக்கு முன்னோர் சொன்னபடி பாரசீகத்தில் வைத்துவிட்டார். எகிப்தில் இருந்துகொண்டு ஏடுகளை மட்டும் வைத்து அவர் ஆற்றிய பணி பெரிது. அன்று அவருக்குக் கிடைத்த சான்றுகள் அவ்வளவே.

நம் நாட்டில் இதனை முதலில் பரவலாகப் பேசவைத்தவர் மௌலானா ஸையித் ஸுலைமான் நத்வீ (ரஹ்). 1930-இல் நூலாக வெளிவந்த, அரபு இந்திய உறவுகள் பற்றிய தம் உருதுச் சொற்பொழிவுகளில், மிஸ்க், ஸன்ஜபீல், காஃபூர் ஆகிய மூன்றையும் இந்தியாவிலிருந்து போன சொற்களாக அவர் எடுத்துக்காட்டினார். இவற்றுள் காஃபூரின் கதை சற்றுச் சிக்கலானது. மய்யித்தைக் குளிப்பாட்டும் இறுதி நீரில் நாம் சேர்க்கும் கற்பூரம் அக்காலத்தில் பெரிதும் சுமத்திராவின் பாரூஸ் கரையிலிருந்து வந்தது. பெயரும் அத்தீவுகளின் மொழியோடு தொடர்புடையது. தமிழ் வணிகர்கள் அங்கேயும் போயிருந்தார்கள். பாரூஸுக்கு அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சாட்சி. ஆனால் சரக்கைச் சுமந்தவர் நாம் என்பதால் பெயரும் நம்முடையது என்று ஆகிவிடாது.

சுமந்தவர் பெயரால் சரக்கு அறியப்படுவது இஞ்சியின் வரலாறு நெடுகிலும் நடந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் மூலிகை நூல் எழுதிய கிரேக்க மருத்துவர் தியோஸ்கொரிதெஸ், இஞ்சி அரபு நாட்டிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைவதாக எழுதினார். அதே நூற்றாண்டின் உரோமானியர் பிளினியும் அவ்வாறே எழுதினார். இஞ்சி என்பது மிளகுச் செடியின் வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு என்று திருத்தியவர் பிளினி. ஆனால் விளையும் இடத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார். காரணம் எளிது. உரோமானியர் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் அரபு வணிகர்களே; அவர்கள் எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதை அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்? பிளினி தரும் விலையையும் குறித்துவைப்போம். ஓர் உரோமானிய இராத்தல் இஞ்சி 6 தெனாரி; அதே எடை கருமிளகு 4 தெனாரி. அன்றைய உரோமாபுரியில் மிளகைவிட இஞ்சி விலை கூடுதல்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்தும் இந்தப் பெயர்க் குழப்பம் தீரவில்லை. கி.பி. 1340-ஐ ஒட்டி, பிளோரன்ஸ் நகரத்து வணிகர் பெகொலொத்தி எழுதிய வணிகக் கையேடு மூவகை இஞ்சியைச் சொல்கிறது. ஒன்று 'பெல்லெதி', மற்றொன்று 'கொலொம்பினோ', மூன்றாவது 'மிக்கினோ'. பெல்லெதி என்பது அரபு 'பலதீ'. நாட்டுச் சரக்கு என்று பொருள். நாம் நாட்டுக்கோழி என்பது போல. கொலொம்பினோ என்றால் கொல்லத்து இஞ்சி. மிக்கினோ என்பது மக்கத்து இஞ்சி. மக்காவில் இஞ்சி விளையுமா? ஹஜ்ஜுக்குச் சென்றுவந்த நம் பெரியவர்கள் சொல்வார்கள், அங்கே பாறையைத் தவிர என்ன விளைகிறது என்று. இப்ராஹீம் (அலை) அவர்கள் அந்த இடத்தை விளைச்சலில்லாத பள்ளத்தாக்கு என்று குறிப்பிட்டே துஆச் செய்தார்கள். ஆனால் அந்தச் சந்தையைக் கடந்து வந்த சரக்குக்கு அந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இவ்விடத்தில் இரண்டு போலிகளையும் சொல்லிவிட்டால் நல்லது. ஸான்ஸிபார் தீவின் பெயர் ஸன்ஜபீலிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். அப்பெயர் 'ஸங்கிகளின் கரை' என்று பொருள்படும் பாரசீகத் தொடர், இஞ்சிக்கும் அதற்கும் உறவில்லை. நல்லெண்ணெய்ப் புட்டியின் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் 'ஜிஞ்சிலி'யும் இஞ்சியன்று. எள்ளுக்குரிய 'ஜுல்ஜுலான்' என்னும் அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாய்வழியே அப்படித் திரிந்தது.

இனி இரண்டாவது செய்தி, மன்னர் அனுப்பிய இஞ்சி ஜாடி. இது வெறும் கட்டுக்கதையன்று. ஹதீஸ் நூல்களில் இதற்கு இடமுண்டு. இமாம் ஹாகிம் (ரஹ்) தம் முஸ்தத்ரக்கில், அபூ ஸஈத் அல்-குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக, இந்தியாவின் மன்னர் நபி (ஸல்) அவர்களுக்கு இஞ்சி ஜாடி ஒன்றை அன்பளித்ததாகவும், நபியவர்கள் அதனைத் துண்டு துண்டாகத் தோழர்களுக்குக் கொடுத்ததாகவும் ஒரு செய்தியைப் பதிவுசெய்துள்ளார். நபியவர்கள் இஞ்சி உண்டது பற்றி இதைத் தவிர வேறொன்றும் தமக்கு நினைவில்லை என்றும் அவரே அங்கு குறிப்பிடுகிறார். இந்தச் செய்தியே பின்னாளில் சேரமான் பெருமாள் கதையோடு சேர்ந்து நம் கரைகளில் வலம் வருகிறது.

ஆனால் இதே செய்தி அபூ நுஐம் (ரஹ்) அவர்களின் நபிமருத்துவ நூலில் வேறு விதமாக இருக்கிறது. இப்னுல் கையிம் (ரஹ்) தம் ஸாதுல் மஆதில் எடுத்தாள்வதும் அதையே. அங்கே அன்பளித்தவர் இந்திய மன்னர் அல்லர், ரோமின் மன்னர்! அறிவிப்பாளர் அதே அபூ ஸஈத் (ரலி). ஜாடி அதே ஜாடி. அரசர் மட்டும் மாறிவிட்டார். அறிவிப்புத் தொடரில் வரும் அம்ர் இப்னு ஹக்காம் என்பவரும் அலீ இப்னு ஸைதும் பலவீனமானவர்கள் என்று ஹதீஸ் கலையினர் கூறுகின்றனர். இமாம் தஹபீ (ரஹ்) 'மீஸானுல் இஃதிதால்' நூலில் இதனை மறுக்கும் விதம் நினைவில் வைக்கத்தக்கது. ரோமின் மன்னர் நபியவர்களுக்கு எதையும் அன்பளித்ததாக அறியப்படவில்லை என்பது அவருடைய முதற் காரணம். இரண்டாவது காரணத்தில் அறிவும் நகையும் கலந்திருக்கின்றன. ரோமிலிருந்து ஹிஜாஸுக்கு இஞ்சி வந்தது என்பது, ரோமிலிருந்து மதீனாவுக்குப் பேரீச்சம்பழம் அன்பளிப்பாக வந்தது என்று சொல்வதைப் போன்றது என்கிறார் அவர். நம் ஊர் வழக்கில் சொன்னால், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

தஹபீயின் இந்த இரண்டாம் வாதம் ரோம மன்னர் என்ற அறிவிப்பையே தாக்குகிறது, இந்திய மன்னர் என்ற அறிவிப்பைத் தாக்கவில்லையே என்று நம்மவர் சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. சொல் அளவில் அது சரியே. ஆனால் தொடரின் பலவீனம் இரண்டுக்கும் பொது. தவிர, 'இந்தியாவின் மன்னர்' என்றுதான் முஸ்தத்ரக்கில் உள்ளது. சேரர் என்றோ, பெருமாள் என்றோ, கொடுங்கல்லூர் என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவற்றை ஏற்றிவைத்தவர்கள் பிற்காலத்தவர்கள். மன்னர் இஞ்சி அனுப்பினார் என்பதை ஹதீஸாகச் சொல்லிப் பரப்பாமல் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு. நம் கடற்கரைக்கும் அரபு நாட்டுக்கும் இருந்த உறவு, இந்த ஒரு ஜாடியை நம்பி நிற்கவில்லை. ஸன்ஜபீல் என்ற சொல்லே அதற்குப் போதுமான சாட்சி.

அடுத்து, சுவனத்து ஸன்ஜபீல் நாம் கறியில் போடும் இஞ்சிதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தஃப்ஸீர்களில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உள்ளன. பானத்தின் சுவையும் மணமும் இஞ்சியை ஒத்திருக்கும் என்போர் ஒரு சாரார். கதாதா (ரஹ்) அவர்களோ, ஸன்ஜபீல் என்பது சுவனத்து ஊற்று ஒன்றின் பெயர். இறைநெருக்கம் பெற்றோர் அதனைக் கலப்பின்றி அருந்துவர், ஏனையோருக்கு அது கலந்து தரப்படும் என்றார்கள். அடுத்த வசனத்து ஸல்ஸபீலையும் சிலர் 'ஸல் ஸபீலா' என்று பிரித்து, 'வழியைக் கேள்' என்று பொருள் சொன்னார்கள். கொம்புடல் என்று சமஸ்கிருதத்தார் பிரித்தது போலத்தான் இதுவும். மொழியறிந்த விரிவுரையாளர்கள் இதனை ஏற்கவில்லை. சுவனத்துப் பொருள்களுக்கும் இவ்வுலகப் பொருள்களுக்கும் பெயரளவில் தவிர ஒற்றுமை இல்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக தபரீ பதிவுசெய்திருக்கிறார். ஆகவே கறி இஞ்சியைக் காட்டி அதுதான் இது என்று சொல்லிவிட வேண்டாம். பெயர் ஒன்று என்று சொன்னால் போதும்.

பெயரிலும் இன்னொரு வேறுபாடு உண்டு. நாம் பச்சையாக இருந்தால் இஞ்சி, காய்ந்தால் சுக்கு என்று இரண்டு பெயர் வைத்திருக்கிறோம். 'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை' என்பவர் இஞ்சியைப் பற்றிப் பேசவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருது பேசும் நம் சகோதரர்களுக்குப் பச்சை அத்ரக்; காய்ந்தது ஸோண்ட். தெலுங்கில் அல்லமும் சொண்டியும். கன்னடத்தில் மட்டும் காய்ந்ததற்குரிய பெயரே பச்சைக்கும் ஏறி, 'ஹசி ஷுண்டி' என்று ஆகிவிட்டது. அரபிலோ இரண்டும் ஸன்ஜபீலே. வேண்டுமானால் ஈரமானது, உலர்ந்தது என்று அடை சேர்ப்பார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. இஞ்சி கண்ணெதிரே விளைந்து காய்வதைப் பார்ப்பவருக்கு இரண்டு பெயர் தேவைப்படும். பல மாதக் கடற்பயணத்திற்குப் பின் சரக்காக மட்டும் பார்ப்பவருக்கு ஒன்று போதும்.

கப்பலில் போன இஞ்சி பெரும்பாலும் இரண்டு வடிவில் போயிற்று. ஒன்று சுக்கு. மற்றொன்று, தேனிலோ பாகிலோ ஊறவைத்து ஜாடியில் அடைத்தது. 14-ஆம் நூற்றாண்டில் இந்த மேற்குக் கரையில் பயணம் செய்த இப்னு பதூதா, ஹொன்னாவர் சுல்தானின் விருந்தில் சோற்றோடு ஊறிய பச்சை மிளகும், இஞ்சியும், எலுமிச்சையும், மாங்காயும் பரிமாறப்பட்டதை எழுதியிருக்கிறார். அது உப்பில் ஊறிய ஊறுகாய். இனிப்பில் ஊறியதை அரபு மருத்துவர்கள் 'ஸன்ஜபீல் முரப்பா' என்று தங்கள் நூல்களில் எழுதினார்கள். செரிமானத்துக்கும் குளிர்ந்த வயிற்றுக்கும் அதனைப் பரிந்துரைத்தார்கள்.

'முரப்பா' என்றால் வளர்க்கப்பட்டது, பக்குவம் செய்யப்பட்டது. பிள்ளைகளைத் தர்பியத் செய்வது என்று நாம் சொல்கிறோமே, அதே வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல் பாரசீகத்திலும் உருதுவிலும் புகுந்து, பிறகு நம்மிடமும் வந்தது. பேருந்து நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் சதுரமாக வெட்டி, தாளில் சுற்றி விற்பார்களே, வயிறு புரட்டும் மலைப்பாதைப் பயணத்துக்கு நம் தாய்மார்கள் கைப்பையில் எடுத்துவைப்பார்களே, அந்த இஞ்சி மொரப்பாவின் பின்பாதி அதுதான்.